எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டாதீர்கள்: முதுமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடிப்படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது, தரையில் உட்கார்ந்தால் எழ ஏன் சிரமமாக இருக்கிறது என்று அறுபதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மிச்சத்துக்குக் காரணம், உட்கார்ந்தே கழிந்த ஆண்டுகள். மூப்பு செய்வது எது, அசையாமல் இருப்பது செய்வது எது என்று பிரித்துப் பார்க்காததால்தான் சரிசெய்யக்கூடிய பலவற்றையும் விதி என்று விட்டுவிடுகிறோம்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்தது. 20 வயதையொட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தார்கள். இடைப்பட்ட 30 ஆண்டுகள் அவர்களுடைய உழைப்புத் திறனைக் குறைத்திருந்ததைவிட, இளமையில் படுத்துக் கிடந்த அந்த மூன்று வாரம் குறைத்தது அதிகம். பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, முதல் ஆய்வு தொடங்கிய நாளில் அவர்களுக்கு இருந்த திறன் திரும்ப வந்தது. ஐந்தே பேரை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனாலும் ஒரே மனிதர்களை இத்தனை ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்ட ஆய்வுகள் அபூர்வம் என்பதால் மருத்துவர்கள் இன்றும் அதை எடுத்துச் சொல்கிறார்கள்.

அன்பினால் வேலையைப் பிடுங்குவது

என் பார்வையில், குடும்பங்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை என்பதால் இதைச் சொல்வதும் கடினம். அப்பா பையைத் தூக்கினால் மகன் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறான். அம்மா எழுந்தால், "நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்து வருகிறேன்" என்கிறாள் மகள். தண்ணீர், மருந்து, கண்ணாடி எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன. ஒரு நாளில் இருபது முப்பது முறை எழுந்து நடந்தவர் இப்போது ஐந்தாறு முறைதான் எழுகிறார். ஒரே ஆண்டில் அவருடைய தொடைகள் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. "பார்த்தீர்களா, தளர்ந்துவிட்டார்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வேலையை வாங்கிக்கொள்கிறோம்.

முப்பது வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. இது இயற்கை. பயன்படுத்தாத தசை இதைவிட வேகமாகக் கரையும். ஒரு காய்ச்சலுக்குப் பத்து நாள் படுக்கையில் கிடந்த முதியவர் எழுந்ததும் தள்ளாடுவது அதனால்தான். இளைஞர் ஒரு வாரத்தில் மீட்டுவிடும் வலுவை மீட்க அவருக்கு மாதங்கள் ஆகலாம். ஆகவே, நோயில் படுத்தவரை மருத்துவர் அனுமதித்த அன்றே எழுந்து நாற்காலியில் உட்கார வைப்பதும் அறைக்குள் நடக்க வைப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நகராத, நேரான முதுகுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் நடுவில் உட்கார்ந்து கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுவரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 என்பது சராசரியின் கீழ் எல்லை. எழும்போது கை தானாகவே தொடையை ஊன்றத் தேடினால் முன்தொடைத் தசை வலுவிழக்கிறது என்று கொள்ளலாம். அதற்கான பயிற்சியும் இதே எழுந்து உட்காருவதுதான். தேவையானால் முதல் சில வாரங்கள் கையை ஊன்றிக்கொள்ளலாம்.

நடந்தால் மட்டும் போதும் என்று நினைப்பது

காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மீதிப் பொழுதெல்லாம் உட்கார்ந்தே கழிப்பவர்கள் ஏராளம். நடை இதயத்துக்கு நல்லது, மூளைக்கும் நல்லது. ஆனால் தசை வலுவையும் உடல் சமநிலையையும் நடை மட்டுமே காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி என்று இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றோடு, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சிகளையும் அது சேர்த்துச் சொல்கிறது.

"இந்த வயதிலா எடை தூக்குவது?" என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டிய சிலருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய தொடை வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. மருத்துவக் கண்காணிப்பில் நடந்த பயிற்சி என்பதை மறக்கக் கூடாது. தொண்ணூறிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்பதை அது காட்டியது. அறுபத்தைந்தில் "இனி எதற்கு" என்று ஒதுங்க நியாயமில்லை.

நோயை மூப்பென்று விட்டுவிடுவது

இதில் ஆபத்து மிக அதிகம். காரணமில்லாமல் எடை குறைவது, சில மாதங்களுக்குள் மூச்சிரைப்பு கூடுவது, திடீரென மறதி அதிகரிப்பது ஆகியவற்றை மூப்பின் இயல்பென்று கடந்துபோகக் கூடாது. பி12 வைட்டமின் குறைபாடும் தைராய்டு குறைவும் மறதியை உண்டாக்கக்கூடியவை. கண்டுபிடித்தால் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. காது கேட்காமல் போவதைச் சாதாரணமாக விட்டால், அந்த மனிதர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கத் தொடங்குவார். டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியலில் கேள்திறன் குறைவும் இருக்கிறது.

மனச்சோர்வும் அப்படித்தான். எதிலும் நாட்டமின்றி, சாப்பாட்டில் விருப்பமின்றி, விடியற்காலையிலேயே விழித்துக் கிடக்கும் பெரியவரைப் பார்த்து "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அவருக்குத் தேவை மருத்துவர். "உற்சாகமாக இருங்கள்" என்ற அறிவுரை அவருடைய பாரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

மனப்பான்மையைப் பொருட்படுத்தாதது, அல்லது அதையே மருந்தாக்கிக்கொள்வது

யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் விவரங்களை ஆராய்ந்ததில், தம் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, உடல்நிலை, பொருளாதார நிலை, தனிமை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நீடித்தது.

இதைப் படித்துவிட்டு, நல்லதை நினைத்தால் நோய் வராது என்று எடுத்துக்கொள்வது தவறு. எண்ணம் பெரும்பாலும் செயல் வழியாகவே உடலை எட்டுகிறது. இன்னும் இருபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்று நம்புகிறவர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார், பல் வலியைத் தள்ளிப்போடுவதில்லை, புதிய மொழியோ இசைக்கருவியோ கற்கச் சேர்கிறார். முடிந்துவிட்டது என்று நினைப்பவருக்கு இவை எதுவும் அவசியமாகத் தெரிவதில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதியவர்களைப் பற்றி அவர்கள் காதுபடப் பேசுகிற விதம் இந்த நம்பிக்கையை வளர்க்கவோ வாட்டவோ செய்கிறது. "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று கைப்பேசியைப் பிடுங்கி நாமே முடித்துக் கொடுப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சொல்லிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

விழுந்துவிடுவோம் என்று முடங்குவது

ஒருமுறை விழுந்தவர் நடப்பதைக் குறைக்கிறார், கால் வலுவிழக்கிறது, அடுத்த முறை விழும் வாய்ப்பு கூடுகிறது. பயம் நியாயமானதுதான். அதற்கு வழி, பிடிமானத்தோடு சமநிலையைப் பழகுவது. சமையல் மேடையையோ கனமான மேசையையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கலாம். குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கழிவறையில் கைப்பிடி, இரவு விளக்கு, கண் பரிசோதனை, தலைசுற்ற வைக்கும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது என்பவை கூடவே செய்ய வேண்டியவை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் ஓய்வைவிட முறையான பயிற்சியையே முதலில் பரிந்துரைக்கிறார்கள்.

ஒரே வாரத்தில் இளமையைத் திரும்பப் பிடிக்க முயல்வது

பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு முதல் நாளே ஒரு மணி நேரம் வேகமாக நடப்பவர், பத்தாம் நாள் வலியோடு நிறுத்திவிடுகிறார். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுவது போதும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு மூச்சு வாங்கினால் அதுதான் மிதமான வேகம். இதய நோய், சர்க்கரை, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, கண் இருட்டுவதோ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே உதவிக்கு ஆளை அழையுங்கள்.