ஆழ்கடல் உயிரியைப் போத்தலில் அடைப்பது எப்படி?

2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் 'பாருனா ஜயா 8' கப்பலில் 14 நாள் தெற்கு ஜாவாவின் ஆழ்கடலை அலசினார்கள். அதில் சிக்கிய, நண்டுக்கு உறவான ராட்சதக் கடல் கரப்பானுக்கு 2020இல் 'பாத்தினோமஸ் ரக்சாசா' என்று பெயர் வைத்தார்கள். பெயரின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இப்படி ஓர் உயிரி ஆய்வுக்கு உதவுமா, குப்பைக்குப் போகுமா என்பது வலை ஏறிய முதல் ஒரு மணி நேர வேலையைப் பொறுத்தது.

1,000 மீட்டர் ஆழத்து நீர் 5, 6 டிகிரிதான். கப்பல் தளத்தில் 30. அதனால் வலை ஏறும் முன்பே கடல்நீர் வாளிகளைக் குளிரவைத்துவிடுங்கள். ஐஸை நேரே கொட்டாதீர்கள்: அது உருகி நன்னீராகக் கலந்தால் மென்மையான உயிரிகள் ஊதிப்போகும். பையில் கட்டி மிதக்கவிட்டால் போதும்.

சேற்றை 1 மில்லிமீட்டர் சல்லடையில் அலசுங்கள். குழாயைப் பீய்ச்சினால், நட்சத்திர மீனைப் போன்ற நொறுங்கு நட்சத்திரங்களின் கைகள் உதிரும். சல்லடையைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, அரிசி களைவதுபோல் ஆட்டுவதே சரி.

அடுத்து படம். உயிரியைக் கெடாமல் வைக்கும் சாராயமான எத்தனாலில் ஆரஞ்சும் சிவப்பும் வெளுத்துவிடும் என்பதால் நிறத்துக்குப் படம்தான் சாட்சி. அளவுகோலையும் வரிசை எண்ணையும் பக்கத்தில் வையுங்கள்.

அதிகம் சொதப்புவது திசு எடுக்கும் வரிசையில்தான். உடலைக் கெடாமல் இறுக்கும் திரவமான ஃபார்மலின், டிஎன்ஏவைச் சிதைக்கும். ஆகவே திசு முதலில், ஃபார்மலின் பிறகு. மீனின் வலப்பக்கத்தில் அரிசி மணி அளவு சதை, நண்டில் ஒரு கால், இறாலில் ஒரு வயிற்றுக்கால். திசுவைப்போல் பத்து மடங்கு 95% எத்தனாலில் போடுங்கள். மீனின் இடப்பக்கத்தைத் தொடாதீர்கள். படமும் அளவும் அந்தப் பக்கத்தில்தான் எடுப்பார்கள். ஒரு மீனிலிருந்து அடுத்த மீனுக்குப் போகும் முன் கத்தரியைத் துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் இரண்டின் டிஎன்ஏவும் கலந்துவிடும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் அரைக் கிலோ இறால் வாங்கிக் கையைப் பழக்கிக்கொண்டு கப்பலேறுவது புத்திசாலித்தனம். ஆடும் தளத்தில், வழுக்கும் கையுறையோடு முதல்முறை வெட்டினால் பாதி உடம்பு போய்விடும்.

மீனுக்கும் ஜெல்லி மீனுக்கும் ஃபார்மலின். கடைச்சரக்கு 37% ஃபார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்கோடு கடல்நீர் ஒன்பது பங்கு சேர்த்து, அமிலம் ஏறாமலிருக்கக் கொஞ்சம் வெங்காரம் (போராக்ஸ்) போடுங்கள். பெரிய மீனின் வயிற்றுக்குள்ளும் ஊசியால் ஏற்றாவிட்டால் குடல் உள்ளேயே அழுகும். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய திரவம்; கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஒரு வாரம் கழித்து நீரில் ஊறவைத்து அலசி, 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

நண்டு, இறால், கடல் கரப்பானுக்கு ஃபார்மலின் வேண்டாம். ஓட்டின் சுண்ணாம்பை அரித்துவிடும். நேரே எத்தனால். ஆனால் உயிருள்ள நண்டை அதில் போட்டால் கால்களை உதறிவிடும். முதலில் உறையவைத்து, அசைவு நின்றபின் போடுங்கள்.

70% தயாரிக்க: 95% எத்தனால் 700 மில்லிலிட்டர், காய்ச்சிவடித்த நீர் 250. உயிரியின் உடல்நீரே எத்தனாலை நீர்க்கவைக்கும். அதனால் மாதிரியைப்போல் மூன்று மடங்காவது ஊற்றி, முதல் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றுங்கள். எத்தனாலின் ஆவி சிங்கப்பூர் அறை வெப்பத்திலேயே ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது.

சீட்டு போத்தலுக்கு உள்ளே இருக்கட்டும். மூடியில் மார்க்கரால் எழுதியதை எத்தனால் கரைத்துவிடும். மூடிகளும் இடம் மாறும். கெட்டியான பருத்தித் தாளில் பென்சிலால் நிலைய எண் (வலை வீசிய இடத்தின் எண்), தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, வலை கடலடியைத் தொட்ட ஆழமும் அதைத் தூக்கிய ஆழமும், வரிசை எண். அதே எண் திசுக் குப்பியிலும்.

அலமாரிக்குப் போனபின்னும் வேலை தீராது. மூடி வழியே நீரைவிட எத்தனால் வேகமாக ஆவியாகும். மட்டம் குறைந்த போத்தலில் எஞ்சியிருப்பது 70% அல்ல. மேலே ஊற்றி நிரப்பும் முன் அடர்த்திமானியால் பாருங்கள். பலம் குறைந்திருந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.