கூப்பர் பிளாக்: குண்டு எழுத்தைப் பழக்குவது எப்படி

கூப்பர் பிளாக் என்ற குண்டான ஆங்கில எழுத்துருவை இரங்கல் செய்திக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு சோகமான வாக்கியத்தையும் அது கன்னம் உப்ப, சிரித்த முகமாகத்தான் சொல்லும்.

ஆஸ்வால்ட் கூப்பர் சிகாகோவில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்தவர். இந்தத் தடித்த எழுத்து 1922-இல் ஈய அச்சாக வந்தது. தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும், அதுதான் இதன் வேலை.

முதலில் சிறிய ‘ஓ’ (o) ஒன்றை 200 பாயின்ட்டில் (பாயின்ட் என்பது எழுத்தின் அளவு) அடித்துப் பாருங்கள். நடுவிலுள்ள ஓட்டை நேராக நிற்காது, இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்புறம் ‘என்’ (n) எழுத்தின் கால்களைப் பாருங்கள். வழக்கமான செரிஃப் எழுத்தில், அதாவது கோடுகளின் நுனியில் சின்னப் பாதம் வைத்த எழுத்தில், அந்தப் பாதம் தட்டையாக, கூர்முனையோடு இருக்கும். இங்கே ஈரக் களிமண்ணை விரலால் அமுக்கி விட்டதுபோல உருண்டு கிடக்கும். கீழே ஒரு கோடு இழுத்தால் எழுத்துகள் அதை ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பது தெரியும். அந்தக் குழைவுதான் இதன் அழகு. அதனால் இதற்கு வெளிக்கோடு, நிழல், பளபளப்பு எதுவும் பூசாதீர்கள். குழைவு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் தடிமன்தான்.

அளவில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு அழைப்பிதழில் தலைப்பு நன்றாக வந்த உற்சாகத்தில் முகவரியையும் இதிலேயே 9 பாயின்ட்டில் போட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது குறையே இல்லை. அச்சாகி வந்ததும் ‘ஈ’ (e), ‘ஏ’ (a) இரண்டின் கண்களிலும், அதாவது உள்ளே இருக்கும் ஓட்டைகளிலும், மை அடைத்து, வரி முழுக்கக் கறுப்புப் பொட்டுகள். எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. இப்போது 30 பாயின்ட்டுக்குக் கீழே இதைத் தொடுவதில்லை. முகவரி, தேதி போன்றவற்றுக்கு ஒல்லியான, செரிஃப் இல்லாத எழுத்து போதும். பக்கத்தில் இன்னொரு அலங்கார எழுத்தை உட்கார வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

எழுத்துகளை நெருக்கியே வையுங்கள். பெரிய ‘டி’க்கு (T) அடுத்து சிறிய ‘ஓ’ வந்தால் நடுவில் பொந்து விழும், அதைக் கையாலேயே இழுத்துச் சேர்க்க வேண்டும். ‘ஜி’ (g), ‘பி’ (p) போன்றவற்றின் வால் குட்டை. ஆகவே வரிகளையும் நெருக்கலாம்: 48 பாயின்ட் எழுத்துக்கு 46 பாயின்ட் வரி இடைவெளி (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை) எனக்குச் சரியாக வருகிறது. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் சுவர்போல ஆகிவிடும். சிறிய எழுத்துகளில்தான் இதன் குறும்பு இருக்கிறது.

சரி, பக்கத்தில் தமிழ் வரி வேண்டுமென்றால்? தமிழ் எழுத்துக்கு வெளிக்கோடு கொடுத்துக் குண்டாக்கப் பார்க்காதீர்கள், ‘ணை’, ‘ஐ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போகும். பிறவியிலேயே தடித்த, முனை மழுங்கிய தமிழ் எழுத்துருவாகத் தேடுங்கள்.

கடைசியில் உண்மையான அளவிலேயே அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். ‘ஈ’யின் கண் தெரியவில்லையா? இன்னும் 6 பாயின்ட் ஏற்றிவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.