பிட்ஸ்பர்க்கில் ஒரு ஃபுட்பால் வார இறுதி: கணவன், மனைவி இருவருக்கும் பிடிக்கிற மாதிரி திட்டமிடுவது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவி முன்னால் அமெரிக்கன் ஃபுட்பால், இன்னொருவருக்கு அந்த ஹெல்மெட் கூட்டத்தில் யார் எதற்காக ஓடுகிறார்கள் என்றே தெரியாது. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளில் இது சகஜம். எங்கள் வீட்டில் ஆட்டம் பார்ப்பவர் என் கணவர், ஊர் பார்க்க ஆசைப்படுபவள் நான். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஊர் பிட்ஸ்பர்க். காரணம் எளிது. நியூயார்க் பெயரில் ஆடும் இரண்டு அணிகளுக்கும் மைதானம் நியூஜெர்சியில் இருக்கிறது, டாலஸ் அணி ஆடுவது ஆர்லிங்டனில், பாஸ்டன்காரர்கள் ஃபாக்ஸ்பரோ வரை போக வேண்டும். அங்கெல்லாம் ஆட்டத்துக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கும். பிட்ஸ்பர்க்கில் உள்ளூர் அணியான ஸ்டீலர்ஸ் ஆடும் அக்ரிஷர் ஸ்டேடியம் ஊர் நடுவே, ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, டவுன்டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். அதனால் ஆட்டம் பார்ப்பதே ஊர் பார்ப்பதாகவும் ஆகிவிடுகிறது. முதல் தடவை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் ஆட்டத் தேதி, மற்றதெல்லாம் அப்புறம்

இந்த அணிகளெல்லாம் ஆடும் லீகான என்.எஃப்.எல்.லின் சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி ஆரம்பம் வரை ஓடும். ஓர் அணிக்கு மொத்தம் 17 ஆட்டங்கள், அதில் சொந்த ஊரில் 8 அல்லது 9 தான். அட்டவணை மே மாதம் வெளியாகும். வந்ததும் அக்டோபர் மாதத்து ஞாயிறு ஆட்டம் ஏதாவது பிட்ஸ்பர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது, மலைச்சரிவெல்லாம் இலைகள் நிறம் மாறி நிற்கும். டிசம்பர் ஆட்டத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் திறந்தவெளியில் உட்கார்ந்திருப்பது பழகாதவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஞாயிறு மதியம் 1 மணி என்று போட்டிருக்கும் ஆட்டத்தைப் பின்னால் மாலைக்கோ இரவுக்கோ மாற்ற லீகுக்கு உரிமை உண்டு, மாற்றவும் செய்கிறார்கள். அதனால் ஞாயிறு இரவு விமானத்துக்கு டிக்கெட் போடவே போடாதீர்கள். வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து திங்கள் கிளம்புவதுதான் நிம்மதி.

படி 2: டிக்கெட்

ஸ்டீலர்ஸுக்கு சீசன் டிக்கெட் பல வருடங்களாகவே முழுசாக விற்றுப்போய், காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கிறது. எனவே வெளியூர்க்காரர்களுக்கு மறுவிற்பனைத் தளங்கள்தான் வழி. பால்டிமோர், கிளீவ்லாந்து, சின்சினாட்டி மூன்றும் பரம வைரி அணிகள், அவை வரும் வாரத்தில் விலை ஏறும். ஆட்டமே புதிது என்றால் அந்த வாரங்களை விட்டுவிட்டு வேறு எதிரணியைத் தேர்ந்தெடுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. எந்தத் தளமாக இருந்தாலும் கட்டணமெல்லாம் சேர்த்த மொத்த விலையைக் காட்டும்படி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

எந்த சீட் எடுப்பது? வழக்கமாக எல்லோரும் கீழ்வரிசைக்கு ஆசைப்படுவார்கள். புதியவர்களுக்கு என் யோசனை நேர்மாறு, மேலே உட்காருங்கள். மேலிருந்து பார்த்தால்தான் 22 பேரும் எப்படி அணிவகுத்துப் பிரிகிறார்கள் என்பது தெரியும். கூடவே இந்த ஸ்டேடியத்தின் தெற்குப் பக்கம் திறந்திருக்கிறது, வடக்குக் கோடி மேல்தளத்தில் உட்கார்ந்தால் மைதானத்துக்கு அப்பால் டவுன்டவுன் கட்டடங்களும் கண்ணுக்கு நேரே. ஆட்டத்தில் ஆர்வமில்லாதவருக்கும் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

டிக்கெட் ஃபோனில்தான் வரும். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் போகாதீர்கள், ஹோட்டலில் இருக்கும்போதே ஃபோன் வாலெட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ஃபோனில் ஒரு டிக்கெட் இருப்பது நல்லது, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட்டாலும் தனித்தனியே உள்ளே போய்விடலாம்.

படி 3: எங்கே தங்குவது

டவுன்டவுன். வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். ஆட்ட நாளில் ஸ்டேடியம் பக்கம் காரை நிறுத்துவது செலவும் தலைவலியும். டவுன்டவுனில் தங்கினால் 'டி' எனப்படும் நகர ரயில் இருக்கிறது, டவுன்டவுன் நிலையங்களிலிருந்து ஸ்டேடியம் பக்கத்து அலெகேனி நிலையம் வரை பயணம் இலவசம். 2012இல் திறந்த சுரங்கப்பாதை வழியாக ஆற்றுக்கு அடியிலேயே அக்கரைக்குப் போய்விடும். விமான நிலையத்திலிருந்து டவுன்டவுனுக்கு 28எக்ஸ் பஸ் ஓடுகிறது. ஆனால் டாக்சியிலோ சொந்தக் காரிலோ வருகிறவர்கள் ஃபோர்ட் பிட் சுரங்கத்தின் வழியாக வாருங்கள். மலைக்குள் இருட்டில் போய்க்கொண்டிருக்கும் சாலை சட்டென்று வெளியே வந்ததும் பாலம், ஆறு, மொத்த நகரமும் ஒரே வீச்சில் எதிரே நிற்கும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் ஃபோனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வெள்ளி மாலை, மலை மேலே

பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக டுகேன் இன்கிளைன். பழனி விஞ்ச் மாதிரிதான், கம்பியில் இழுபட்டு மலைச்சரிவில் ஒரு பெட்டி ஏற, இன்னொன்று இறங்கும். 1877இல் தொடங்கியது, பெட்டிகளும் அந்தக் காலத்தவையே. ஏறியதும் வெளியே மட்டும் பார்க்காமல் உள்ளேயும் பாருங்கள். சுவரெல்லாம் செதுக்கிய மரப்பலகை, பல கைகள் பட்டுப் பட்டு வழவழத்துப்போன மர பெஞ்ச், மெல்லிய குலுக்கலோடு வண்டி நகரும்போது எங்கோ கம்பி முனகும் சத்தம். எஃகு ஆலைத் தொழிலாளர்கள் மேலே வீடு, கீழே வேலை என்று வாழ்ந்த நாளில் அவர்கள் ஏறி இறங்கிய வண்டி இது. அந்த மலைக்கு இப்போது மவுண்ட் வாஷிங்டன் என்று பெயர், அந்தக் காலத்தில் நிலக்கரி மலை என்றே அழைத்தார்கள்.

மேலே இறங்கி கிராண்ட்வியூ அவென்யூவில் நடங்கள். அலெகேனி, மனோங்ககேலா என்ற இரண்டு ஆறுகளும் கீழே சேர்ந்து ஒஹையோ நதியாகப் புறப்படுவது படம் வரைந்த மாதிரி தெரியும், மஞ்சள் பாலங்கள் வரிசையாக நிற்கும், ஸ்டேடியமும் தெரியும். சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் ஏறி, விளக்கெல்லாம் எரியும்வரை இருந்துவிட்டு இறங்குங்கள்.

படி 5: அன்று இரவே பத்து நிமிடப் பாடம்

தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க இதுதான் நேரம், மைதானத்தில் சத்தத்துக்கு நடுவே முடியாது. இவ்வளவு போதும்:

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக 4. மூன்று வாய்ப்பில் முடியவில்லை என்றால் பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள், அல்லது கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி, அதன்பின் ஓர் உதையில் கூடுதலாக 1. ஆட்டம் 15 நிமிடம் வீதம் 4 கால்பகுதி, ஆனால் நிறுத்தி நிறுத்தி நடப்பதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நம் அணியிடம் பந்து இருக்கும்போது கூட்டம் அமைதியாக இருக்கும், நம் ஆட்டக்காரர்களுக்கு ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்க வேண்டும். எதிரணி பந்தை வைத்திருக்கும்போது, அதிலும் மூன்றாவது வாய்ப்பில், தொண்டை கிழியக் கத்துவார்கள். இந்த ஒன்று தெரிந்தால் ஆட்டத்தின் நாடித்துடிப்பே பிடிபட்டுவிடும்.

படி 6: சனிக்கிழமை

காலையில் ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட். பழைய மொத்த வியாபாரச் சந்தை, பென் அவென்யூ நடைபாதை முழுக்க மீன், இத்தாலிய மளிகை, காபி, நடுநடுவே ஸ்டீலர்ஸ் சட்டை விற்கும் கடைகள். இந்த ஊரின் மற்ற பெரிய அணிகளுக்கும் இதே கறுப்பும் மஞ்சளும்தான் நிறம். இங்கேயே ஒரு மஞ்சள் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், 'டெரிபிள் டவல்' என்று பெயர் போட்டிருக்கிற அசல் துண்டு. ஆட்டத்தின்போது இதைச் சுழற்றுவது 1975இல் மைரன் கோப் என்ற வானொலி வர்ணனையாளர் ஆரம்பித்துவைத்த பழக்கம். 1996இல் அந்தத் துண்டின் உரிமையை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் அலெகேனி வேலி பள்ளிக்கே அவர் எழுதிக்கொடுத்துவிட்டார். அவருடைய மகனும் அங்கே இருந்தவர். அசல் துண்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பசித்தால் பிரைமான்டி பிரதர்ஸ், 1933இல் இருந்து இருக்கிற கடை. உருளைக்கிழங்கு வறுவலையும் கோஸ் சாலட்டையும் ரொட்டிக்கு உள்ளேயே வைத்துத் தருவார்கள். சைவம் என்றால் பியரோகி தேடுங்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம், உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். சேர்மானத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் பன்றி இறைச்சி தூவுவார்கள்.

மதியம் ஓக்லாண்ட் பகுதி. கதீட்ரல் ஆஃப் லேர்னிங் என்ற 42 மாடிப் பல்கலைக்கழகக் கட்டடத்தில், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வகுப்பறை என்று 30க்கும் மேற்பட்ட அறைகள் இருக்கின்றன. நாளந்தாவை மனதில் வைத்துக் கட்டிய இந்திய அறையும் உண்டு. வார நாட்களில் அந்த அறைகளிலேயே வகுப்பு நடப்பதால் சனிக்கிழமைதான் வசதி. பக்கத்திலேயே கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், டைனோசர் பிடிக்கும் என்றால் அரை நாள் போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கால்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் வையுங்கள்.

படி 7: ஆட்ட நாள்

பை விஷயத்தில் என்.எஃப்.எல். மிகவும் கறார். உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பை மட்டும், அதுவும் 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்துக்குள். கைப்பை என்றால் உள்ளங்கை அளவு, நாலரைக்கு ஆறரை அங்குலம். வழக்கமான ஹேண்ட்பேக்கை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

ஆட்டம் 1 மணிக்கு என்றால் பத்தரைக்கே கிளம்புங்கள். போகும்போது ரயில் வேண்டாம், ராபர்டோ கிளெமென்ட்டி பாலத்தில் நடந்து ஆற்றைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பி ஆற்றோரப் பாதையில் போங்கள். கறுப்பும் மஞ்சளுமாக மொத்த ஊரும் கூடவே நடக்கும். வழியில் குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ஃபிரெட் ராஜர்ஸின் பெரிய சிலை இருக்கிறது, உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருப்பார். பழைய மைதானம் இருந்த இடத்தில், 1972 டிசம்பர் 23 அன்று ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் ஃபிராங்கோ ஹாரிஸ் தரையைத் தொடவிருந்த பந்தை வாரி எடுத்து ஓடி ஆட்டத்தை வென்று தந்த அதே புள்ளியைத் தரையில் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டம் பார்ப்பவர் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார், நிற்கட்டும். பார்க்கிங் இடங்களில் காருக்குப் பின்னால் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பவர்களையும் நின்று வேடிக்கை பாருங்கள், பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுவார்கள்.

உள்ளே போனதும் ஹெல்மெட்டைக் கவனியுங்கள். வலப்பக்கம் மட்டும்தான் சின்னம் இருக்கும், இடப்பக்கம் வெறும் கறுப்பு. அந்தச் சின்னமே எஃகுத் தொழிலின் சின்னம், மஞ்சள் நிலக்கரிக்கு, ஆரஞ்சு இரும்புத் தாதுக்கு, நீலம் பழைய இரும்புக்கு. 1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது வேலை தேடி நாடு முழுக்கச் சிதறிய குடும்பங்கள் இந்த அணியை மட்டும் விடவில்லை. உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஃப்ளோரிடாவிலிருந்தோ டெக்சஸிலிருந்தோ வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இதுதான் எங்களுக்கு முதல் ஆட்டம் என்று சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு விசிலுக்கும் என்ன காரணம் என்று அவர்களே விளக்குவார்கள். நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது பாதிக்கு மேல் இப்படி முன்பின் தெரியாதவர்களிடம்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் மஞ்சள் துண்டைச் சுழற்றும்போது முகத்தில் காற்றடிப்பதே தெரியும், அப்போது நீங்களும் எழுந்து சுழற்றுங்கள், கூச்சமே வேண்டாம்.

முடிந்ததும் ஓடாதீர்கள். ரயில் நிலையத்தில் வரிசை நீளமாக இருக்கும், வந்த வழியே பாலத்தில் நடந்து திரும்புவதுதான் வேகம்.

படி 8: திங்கட்கிழமை

கார் இருக்கிறது, விமானம் இரவுதான் என்றால் ஃபாலிங்வாட்டர். ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் அருவிக்கு மேலேயே கட்டிய வீடு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அன்று திறந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அவ்வளவு நேரம் இல்லையா, பென் ஹில்ஸில் ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. 1970களில் கட்டியது, அமெரிக்காவின் ஆரம்பகாலக் கோயில்களில் ஒன்று, அந்த நாளில் பல மாநிலங்களிலிருந்து நம்மவர்கள் மணிக்கணக்கில் காரோட்டி வந்த இடம். தரிசனம் முடிந்து கீழே போனால் கேன்டீனில் புளியோதரை, தயிர்சாதம் கிடைக்கும். விமானத்துக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளலாம், தயிர்சாதத்தை மட்டும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.