பாடம் செய்யும் பறவையின் இறகைக் கழுவி உலர்த்தும் முறை

தோலை உரித்துக் கழுவி, செய்து வைத்த உருவத்தில் மாட்டிப் பாடம் செய்த சேவல் சில மாதத்திலேயே அழுக்கேறியதுபோல் தெரிந்தால், நெஞ்சு இறகைப் பிரித்து, அதற்கு அடியில் பஞ்சுபோல் இருக்கும் அடித்தூவியைப் பாருங்கள். பெரும்பாலும் அது திரிதிரியாக ஒட்டிக் கிடக்கும். தோலில் விடுபட்ட கொழுப்பு அல்லது இறகில் விடுபட்ட சோப்பு, இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பழகுவதற்கு வீட்டுச் சேவலும் கினிக்கோழியும் நல்லவை. தாராவின் தோலில் கொழுப்பு அதிகம், அதைப் பிறகு பார்க்கலாம். காட்டுச்சேவல், மயில் போன்றவை செத்துக் கிடந்தாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. நோயில் செத்த கோழியும் வேண்டாம். எந்தப் பறவையானாலும் கையுறை போட்டே வேலை செய்யுங்கள்.

உரித்த தோலை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கொழுப்பை மழுங்கிய கத்தியாலோ பழைய பல் துலக்கும் பிரஷாலோ வழித்தெடுங்கள். இறகின் அடிவேர்கள் வரிசையாகத் தெரியும் இடங்களிலும் அக்குளிலும்தான் கொழுப்பு ஒளிந்திருக்கும். வால் அடியின் மேற்புறத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை முழுதாக வெட்டி எடுத்துவிட வேண்டும். இதை அரைகுறையாக விட்டால் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. பின்னாளில் எண்ணெய் கசிந்து நெஞ்சில் மஞ்சள் கறையாக இறங்கும்.

இரத்தக் கறை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்தான். ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு இருபது நிமிடம் ஊறவிடுங்கள். சுடுதண்ணீர் பட்டால் இரத்தம் உறைந்து இறகோடு இறகாகப் பிடித்துவிடும்.

அடுத்து, ஐந்து லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி. கை தாங்கும் சூட்டுக்கு மேல் போக வேண்டாம். சவர்க்காரக் கட்டியைத் தொடவே தொடாதீர்கள். வாவியோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீர் கடினமானது. அதில் சவர்க்காரம் வெள்ளைப் படிவாகி இறகில் ஒட்டும். சலவைத் தூளின் காரமும், வெளுப்பானில் உள்ள குளோரினும் இறகையே அரித்துவிடும். தோலைத் தண்ணீரில் அமிழ்த்தி, இறகு வளர்ந்த திசையிலேயே விரலால் நீவுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. தண்ணீர் கலங்கினால் மாற்றி, கலங்காமல் வரும்வரை இதையே செய்யுங்கள்.

அலசுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நுரை அடங்கிய பிறகும் இரண்டு தண்ணீர் அலச வேண்டும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. கழுவி அலச ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்காதீர்கள். எங்கள் வெக்கையில் ஈரத்தோல் சீக்கிரம் அழுகத் தொடங்கும், வயிற்று இறகு முதலில் கழரும்.

தண்ணீரை மெல்லப் பிழிந்து, துவாயில் சுற்றி அழுத்துங்கள். பிறகு ஸ்பிரிட்டில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் எஞ்சிய தண்ணீர் வெளியேறி, காயும் நேரம் குறையும். இந்த வேலை முற்றத்தில்தான் நடக்க வேண்டும், குசினிப் பக்கம் கூடாது. ஸ்பிரிட் வாசம் முழுதாகப் போன பிறகே ஹெயார் ட்ரையரை எடுங்கள், இல்லாவிட்டால் தீப்பற்றும்.

மிச்ச ஈரத்தை இழுக்க, மணி உதிர்த்த காய்ந்த சோளன் பொத்தியின் நடுத்தண்டை இடித்துச் சலித்த தூள் மிக நன்று. அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் சோளன் அறுவடைக் காலத்தில் தண்டு சும்மாவே கிடைக்கும். தேக்கு மரத்தூள் வேண்டாம், வெள்ளை இறகில் கறை பிடிக்கும். தூளை இறகுக்குள் தேய்த்து உதறி, ஈரமானதை மாற்றி மீண்டும் போடுங்கள்.

ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முதலில் இறகு வளர்ந்த திசைக்கு எதிராக ஊதி, விரலால் இறகைத் தூக்கித் தூவியை உலர்த்துங்கள். மேல் இறகு சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். தூவி பஞ்சாக உப்பி விரலில் குளிர்ச்சி தட்டாமல் வந்தால்தான் முடிந்தது. அதன்பின் வளர்ந்த திசையில் ஊதுங்கள். சிறகு, வால் இறகுகளை அடியிலிருந்து நுனிக்கு இரு விரலால் நீவினால், விரிந்த இழைகள் கொக்கி போட்டுத் திரும்பச் சேரும். தூவி காய்வதற்குள் தோல் காய்ந்துவிடக் கூடாது, விறைத்த தோலை உருவத்தில் மாட்ட முடியாது. அதனால் உட்புறத்தில் ஈரத்துணி ஒன்றைத் திணித்து வையுங்கள்.

வெயிலில் போட வேண்டாம், நிறம் மங்கும். கச்சான் வீசும் மாதங்களில் நிழலில் வைத்தாலும் சிறகு நுனியும் காலும் மளமளவென்று விறைக்கும். அவற்றையும் ஈரத்துணியால் சுற்றுங்கள். மாரியில் தலைகீழ்: காற்றே ஈரமாக இருப்பதால் மின்விசிறியை மட்டும் நம்பினால் தூவி காயவே காயாது. சோளன் தூளை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

இறகு உலர்ந்ததும் வெண்காரப் (போராக்ஸ்) பொடியைத் தோலின் உட்புறத்தில் மட்டும் பூசுங்கள். இறகில் விழுந்தால் நிறத்தை மங்கச் செய்யும். அன்றே மாட்ட முடியாவிட்டால் வெண்காரம் பூசாமல், தோலை மடித்து, காற்றுப் புகாத பையிலிட்டு உறைபெட்டியில் வையுங்கள். வால் இறகு வளைந்திருந்தால் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் சில விநாடி காட்டி, விரலால் நீவி நேராக்கலாம். ஆவி இறகில் மட்டும் பட வேண்டும், தோலில் பட்டால் அது சுருங்கிவிடும்.