வரிக்கென்று ஒரு தனிக் கணக்கு

கோவையில் வீடுகளுக்கு உள் அலங்கார டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். முதல் வருஷம் வந்த காசெல்லாம் என் காசு என்றே நினைத்துச் செலவழித்தேன். மார்ச்சில் ஆடிட்டர் சொன்ன தொகையைக் கட்ட இரண்டு வளையலை அடகு வைத்தேன்.

இப்போது வரிக்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, ஜிபேயிலும் சேர்க்கவில்லை. கைக்கு எட்டினால் எடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

பணம் வந்த அன்றே பங்கு பிரித்துவிடுங்கள். 1,00,000 ரூபாய் பில்லுக்கு பில்டர் 10 சதவீதம் டிடிஎஸ் (என் பேரில் அரசுக்குக் கட்டுவதற்காக முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து 90,000 போட்டால், 5,000 ஒதுக்குவேன். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் டிடிஎஸ் பிடிப்பதில்லை, அங்கே 15,000. இது என் கணக்கு. போன வருஷ மொத்த வரியை மொத்த வரவால் வகுத்தால் உங்கள் சதவீதம் கிடைக்கும். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஜிஎஸ்டி வசூலித்தால் அந்த 18 சதவீதம் முழுசாக அந்தக் கணக்குக்கே.

டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி வந்தால் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் வருஷ வரியில் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் முன்பு கட்டியதையும் சேர்த்து 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுசும். வரவில் பாதியை லாபமாகக் காட்டும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மார்ச் 15 மட்டும்தான் கெடு. தவறினால் மாதம் 1 சதவீத வட்டி.

அப்புறம், கட்டுவதற்கு முன் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பேரில் ஏறியிருக்கும் டிடிஎஸ் விவரத்தைப் பாருங்கள். என்னிடம் பிடித்த டிடிஎஸ்ஸை ஒருவர் கட்டவே இல்லை. நாலு தடவை போன் போட்ட பிறகுதான் ஏறியது.