மூட்டை கட்டுவதற்கு முன்னால்: குழந்தைகளுக்கு உதவ நினைக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தபோது, ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துக்குத் துணி கொண்டுபோனோம். சேலத்தில் அம்மாபேட்டை, குகை பகுதிகளில் வீடு வீடாகக் கேட்டு வாங்கியது, பதினோரு மூட்டை. வாடகை வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அங்கன்வாடித் திண்ணையில் அவிழ்த்துக் கொட்டினோம். ஜரிகை பிய்ந்த பட்டுப்பாவாடை, ஜிப் போன கால்சட்டை, ஜோடி இல்லாத ஷூ. ஐப்பசி மழை, வெடவெடக்கும் குளிர். ஸ்வெட்டர் என்று தேறியது மூன்றே மூன்று.

அங்கன்வாடி டீச்சர் முகம் சுளிக்கவில்லை. "நல்ல மனசோட கொண்டாந்திருக்கீங்க கண்ணு. முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இந்த வண்டி வாடகைக்கே பிள்ளைகளுக்கு ரெயின்கோட்டு வாங்கியிருக்கலாம்" என்றார்.

கேட்காமல் கொடுப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே முளைக்கின்றன.

சேலத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "யுனிசெஃப்புக்கு நாங்கள் என்ன செய்யலாம்?" என்பது. நல்ல கேள்வி. ஆனால் பலரும் அதை ஏதோ ஒரு அநாதை இல்லம், அல்லது தனியார் அறக்கட்டளை என்று நினைக்கிறார்கள். அது ஐ.நா.வின் குழந்தைகள் நிதியம். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன நாடுகளின் குழந்தைகளுக்காக 1946 டிசம்பர் 11 அன்று தொடங்கினார்கள். 1949 முதல் இந்தியாவில் வேலை செய்கிறது.

"ஐ.நா. அமைப்புக்குப் பணத்துக்கு என்ன குறை?" என்பது அடுத்த தப்பு எண்ணம். அரசுகள், நிறுவனங்கள், உங்களையும் என்னையும் போன்ற தனி மனிதர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில்தான் அது முழுக்க ஓடுகிறது.

நம் நாட்டில் அது பெரும்பாலும் அரசோடு சேர்ந்து, பின்னால் நின்று வேலை செய்வதால் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தோள் கொடுத்தது. போலியோ சொட்டு மருந்து போட்டதும் சுண்டு விரலில் மை வைத்தார்களே, அந்த இயக்கத்திலும் அதன் உழைப்பு உண்டு. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி ஒரு குழந்தையைக்கூடத் தாக்கவில்லை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழும் கிடைத்தது.

பொருளைவிடப் பணம் ஏன் நல்லது என்பதற்கு ஓர் உதாரணம். பஞ்சம், போர் நடக்கும் நாடுகளில் எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைகளுக்கு ஒரு சத்துணவுப் பசையைக் கொடுக்கிறார்கள். நமக்குத் தெரிந்த நிலக்கடலைதான். அதை அரைத்து, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் சேர்த்தது. ஒரு பாக்கெட் 92 கிராம், ஏறக்குறைய 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஓரத்தைக் கிழித்துக் குழந்தையே பிதுக்கிச் சாப்பிடலாம். இதை மொத்தமாக வாங்கி, கெடாமல் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு யுனிசெஃப்பிடம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாய் அந்த ஏற்பாட்டுக்குள் போய்ச் சேரும். பழைய சட்டை போகாது.

பணம் திரட்டும்போது கவனம். வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் கோடை நம்பி அனுப்பாதீர்கள். அமைப்பின் இணையதளத்துக்கு நீங்களே போய்ச் செலுத்துங்கள், ரசீதை எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அப்புறம், வகுப்பில் "யார் அதிகம் கொண்டுவந்தது" என்று போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். கொலுசுப் பட்டறையில் கூலிக்குப் போகும் அப்பாவின் பிள்ளையும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு போட்டோ. பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, குழந்தை கை நீட்டும்போது 'க்ளிக்'. அந்தக் குழந்தை நாளை பெரியவளாகித் தன் படத்தைப் பார்ப்பாள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இல்லங்களில், பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளை அடையாளம் காட்டும் படமோ பெயரோ வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றமும்கூட.

கையில் காசு இல்லாத மாணவர்கள் செய்யக்கூடிய பெரிய வேலை, சரியான தகவலைக் கொண்டுபோவது. வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். உப்பு அதிகமாகி, குழந்தைக்கு அதுவே ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பாட்டிலும் பாக்கெட்டும் கொண்டுபோய்க் கண்முன்னே கலக்கிக் காட்டுங்கள். நோட்டீஸ் கொடுப்பதைவிட இது மனதில் நிற்கும்.

கூடப் படித்த பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது, ஒரு சிறுவன் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தால், நேரே போய்ச் சண்டை போடாதீர்கள், சமூக வலைதளத்திலும் எழுதாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள். இரவானாலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

அடுத்த வருஷம் அதே மலைக் கிராமத்துக்குப் போகும் முன் அங்கன்வாடி டீச்சருக்குப் போன் செய்தோம். "மேல வராதீங்க, நான் பஸ்ஸுல குடுத்து விடறேன்" என்றார். வந்தது ஒரு மஞ்சள் பை. உள்ளே பழைய செய்தித்தாள். விரித்துப் பார்த்தால், பதினாலு பிள்ளைகளின் பாதங்களைப் பேனாவால் சுற்றி வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பெயர் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு செருப்புக் கடைக்குப் போனோம்.