துகள் பனி விழும் மேட்டில் பழமரம் வைப்பது

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடிகாலைகளில் துகள் பனி உறைந்து புல் வெள்ளை பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குளிர் இருக்கே, அப்பிள் காய்க்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான அப்பிள் வகைகள் பலவற்றுக்கு 7 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் 800 மணித்தியாலத்துக்கு மேல் சேர வேண்டும். இங்கே துகள் பனி சில விடிகாலைகளோடு சரி, பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். கடைப்பழத்து விதையை ஊன்றி வருடக்கணக்கில் காத்திருக்காமல், குறைந்த குளிரில் காய்க்கும் பேரி, பீச், பிளம்ஸ் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். பேரியிலும் பிளம்ஸிலும் ஒரே காலத்தில் பூக்கும் இரண்டு வகை வேண்டும். பீச் ஒற்றை மரமே போதும். மரத்தக்காளி இரண்டு வருடத்துக்குள் பழம் தரும், ஆனால் பனியில் முதலில் கருகுவதும் அதுதான்.

கன்றைவிட இடம்தான் பெரிது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்காற்று தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடையோரப் பள்ளத்தை விட்டுவிட்டு நடுச்சரிவில் நடுங்கள். கீழ்ப்பக்க வேலி நெருக்கமாக இருந்தால் அதுவே அணையாகிவிடும். இரண்டு மூன்று அடி திறந்து விடுங்கள். மரத்தக்காளிக்கு வெயில் படும் வீட்டுச் சுவரோரம் நல்லது, பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் விடும்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. தோண்டியதும் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் வேர் அழுகும். வேறு இடம் பாருங்கள், இல்லையேல் மேல்பக்கம் கான் (வடிகால்) வெட்டி மண்ணை மேடாக்குங்கள். தேயிலை நின்ற மண் புளிப்பானது. மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய சாணமும் புளிப்பைக் குறைக்க அரைக்கிலோ டொலமைட் சுண்ணாம்புத்தூளும் கலந்து மூன்று வாரம் போட்டுவையுங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். பேரிக்கு 15 அடி, பீச், பிளம்ஸுக்கு 12, மரத்தக்காளிக்கு 6 அடி இடைவெளி. ஒட்டுப்போட்ட இடம் தரைக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். மே கடைசி மழையோடு நட்டால் பனிக்கு முன் வேர் பிடிக்க ஏழு மாதம் கிடைக்கும். நவம்பரில் நட்டால் இளந்துளிர் நேரே பனியில் மாட்டும். அதே காரணத்தால் ஒக்டோபருக்குப் பிறகு யூரியா போடாதீர்கள்.

மழைக்காலத்தில் தூரைச் சுற்றி மானாப்புல் மூடாக்கு நல்லதுதான். ஆனால் ஜனவரியில் அதை விலக்குங்கள்; வெயில் பட்ட ஈரமண் இரவில் சூடு விடும், மூடாக்கு அதை அடைத்துவிடும். பின்னேரம் வானம் துடைத்தாற்போல் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டால் அன்றிரவு பனிதான். மண்ணை நனைத்து, நாலு கம்பு நட்டு, இலையில் படாமல் தரைவரை சாக்குப் போட்டு மூடுங்கள். வெறும் பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள்.

கருகிய கிளையை உடனே வெட்டக் கூடாது. நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள்: பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. துளிர் வந்தபின், துளிருக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். பீச்சைத் தேயிலை மாதிரி மட்டமாகக் கவ்வாத்து பண்ணுவது இங்கே பலர் செய்கிற பிழை. போன வருடத்துக் குச்சியில்தான் அது பூக்கும். எல்லாவற்றையும் சீவிவிட்டால் அந்த வருடம் இலை மட்டும்தான்.